சம்பந்தி வீட்டுச் சுவர்

மே 12, ஞாயிறு. குன்னூர்

பெட்டி கட்டியாயிற்று. நாளை மத்தியானம் கிளம்புகிறோம். லீவுக்கு எங்கே போகிறீர்கள் என்று கீழ்வீட்டு ரெஜினா கேட்டாள். குலசேகரன்பட்டினம் என்றேன். அங்கே யார் வீட்டுக்கு என்றாள். நல்லவேளையாகக் குக்கர் விசில் அடித்தது.

சம்பந்தி வீட்டுக்குத்தான் போகிறோம். ஆனால் சம்பந்தி அங்கே இருக்கமாட்டாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் இங்கே எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். இரண்டு வாரம். அவர்கள் கடலை விட்டு மலைக்கு, நாங்கள் மலையை விட்டுக் கடலுக்கு. ஓட்டல் செலவு இல்லை, ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்கவும் வேண்டாம். எல்லாம் மாப்பிள்ளை இசக்கிராஜாவின் ஏற்பாடு. "சும்மா தங்கிட்டு வாங்கத்தை, வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றார் போனில். சிந்து பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்திருப்பாள்.

சிந்துஜா எங்கள் ஒரே மகள். இந்த வீட்டுக்கு வந்து ஒன்றே முக்கால் வருஷம் ஆகிறது. மாமியார் வீட்டுக்கும் போவதில்லை. பெங்களூரிலேயே கிடக்கிறாள். "நீயும் அத்தையும் என்னைக்குப் பேசறீங்களோ அன்னைக்கு வர்றேம்மா. அதுவரைக்கும் எனக்கு ரெண்டு வீடும் வேண்டாம்" என்று சொன்னவள் சொன்னதுதான். இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று இவர் கேட்பார். எனக்குக் காது கேட்காது.

என் மேல் என்ன தப்பு? நாலு மாதம் முழுகாமல் இருந்த சிந்துவை ஸ்டூலில் ஏற்றி ஒட்டடை அடிக்க விட்டவள் சம்பந்தி பிரம்மசக்தி. பிள்ளை விழுந்தாள். ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துபோயிற்று. விழுந்ததற்கும் கரு கலைந்ததற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேர் பார்க்க, "எம்பொண்ணை வேலைக்காரியாவா உங்க வீட்டுக்கு அனுப்பினேன்?" என்று கேட்டேன். பிரம்மசக்தி வாயே திறக்கவில்லை. தப்பு செய்தவள் எப்படித் திறப்பாள்? அன்றோடு பேச்சு நின்றது.

கூடத்து உத்தரத்தில் அப்போது இவர் அவசரப்பட்டு ஒரு தொட்டில் கொக்கி மாட்டியிருந்தார். பிறகு நான்தான் அதை ரம்பத்தால் அறுக்கச் சொன்னேன். விரல் கனத்துக்குத் துரு மட்டும் மிச்சம். வருகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

சமையலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். கீசரைப் பத்து நிமிடத்துக்கு மேல் போடவேண்டாம். மீன் வறுக்கவேண்டாம். அவ்வளவுதான்.

மே 14, செவ்வாய். குலசேகரன்பட்டினம்

ராத்திரி ரயில், காலையில் பஸ். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சூடும் உப்பும் சேர்ந்து முகத்தில் அடித்தது. பக்கத்து வீட்டு எப்சிபா சாவி கொடுத்தாள். "வாங்க மைனி. சம்மந்தி வீட்டுக்காரவதானே? பிரமு எல்லாம் சொல்லிட்டுத்தான் போயிருக்கா" என்றாள். என்ன சொன்னாளோ.

வீடு சுத்தமாக இருக்கிறது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாச் சுவரும் ஒரே சுண்ணாம்பு வெள்ளை. ஜன்னல்களில் திரை என்ற பெயரில் பழைய வேட்டி. நாற்காலி நாலும் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு தண்டனைக்கு நிற்கின்றன.

கை கால் கழுவிவிட்டுச் சமையலறைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பிரிட்ஜில் இட்லி மாவு. சின்ன வெங்காயம் உரித்து டப்பாவில். மேடையில் ஒரு பெரிய தூக்கு நிறையக் கருப்பட்டி. புட்டுக்கு மாவு. பக்கத்தில் ஒரு தைல பாட்டில், அதில் துண்டுத்தாள்: 'அண்ணாச்சி முட்டிக்கு.'

இவருக்கு முட்டிவலி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இவரைப் பார்த்தேன். இவர் விட்டத்தைப் பார்த்தார். ஆண்கள் இரண்டு பேரும் இத்தனை நாளும் போனில் குலாவிக்கொண்டிருந்தது இன்றுதான் எனக்குத் தெரிகிறது. பிரம்மசக்தி வீட்டுக்காரர் பெயர் சிவனணைந்தபெருமாள். கூப்பிட்டு முடிப்பதற்குள் பாதிப் பேச்சு முடிந்துவிடும், அப்படியும் தினம் பேசியிருக்கிறார்கள்.

நான் எங்கள் வீட்டில் என்ன வைத்துவிட்டு வந்தேன்? கீசர் தாள்.

மே 15, புதன்

தூங்கினேன். எழுந்தேன். மறுபடி தூங்கினேன். கடல் எங்கேயோ தெருக்கோடியில் இருக்கிறது, சத்தம் மட்டும் கட்டிலுக்கு அடியில் கேட்கிறது.

மே 16, வியாழன்

ஒருத்தி நிறைத்துக் கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது. எங்கள் பக்கமும் அப்படித்தான், இவர்கள் பக்கமும் அப்படித்தான். தூக்கில் எதையாவது போட்டுக் கொடுத்துவிடலாம். வீட்டையே நிறைத்துக் கொடுத்திருக்கிறாளே, அதற்கு என்ன செய்வது? இரண்டு வாரம் தின்று தூங்கிவிட்டு வெறுங்கையோடு போனாள் கோகிலாமணி என்று அவள் ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள். அது ஆகாது.

ஆகவே வீட்டைச் சரிபண்ணப்போகிறேன். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தவள். காசு போடாமல் ஒரு வீட்டை எப்படி மாற்றுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பெட்டியில் ஏழு சேலை கொண்டுவந்திருந்தேன். மூன்றைக் கிழித்தேன். "ஊருக்குப் போறப்ப என்னத்தைக் கட்டுவே?" என்றார். "மீதி நாலு இருக்குதுங்க" என்றேன். எப்சிபா வீட்டுத் தையல் மிஷினில் ஒரே மூச்சாக ஆறு ஜன்னலுக்குத் திரை அடித்தேன். ஊதாவில் வெள்ளைக் கோடு போட்டது கூடத்துக்கு, பாசிப் பச்சை படுக்கையறைக்கு. நாற்காலிகளைச் சுவரிலிருந்து பிரித்து ஜன்னல் பக்கம் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி போட்டேன். கொல்லையில் கிடந்த ஓலைப் பெட்டியில் ஓட்டை போட்டு பல்புக்கு மேல் தொங்கவிட்டார் இவர். சாயந்திரம் சுவரெல்லாம் சின்னச் சின்ன வெளிச்சப் பொட்டு.

கடல்காற்று வந்ததும் ஆறு திரையும் ஒன்றாக உள்ளே எழும்பி ஒன்றாகத் தணிந்தன. வீடு மூச்சு விட்டது. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து அதையே பார்த்தோம்.

சிந்து போன் பண்ணினாள். "என்னம்மா பண்றே?" என்றாள். சொன்னேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! காப்பி குடித்தாயா என்றேன், அந்த வாசனையே ஆகவில்லை என்றாள். எலுமிச்சை ஊறுகாய் போடு என்றாள். ஊறுகாயை விரலாலும் தொடாதவள்.

நான் ஒன்றும் நினைக்கவில்லை. நினைத்தாலும் எழுதமாட்டேன். போனமுறை எழுதிவைத்துப் பட்டதே போதும்.

"அம்மா, மேக்கால ரூம்ல படுத்தீங்களா?" என்று கடைசியில் கேட்டாள். மேற்குப் பக்கத்து அந்த அறையில் ஒரு பெரிய பீரோவும் பழைய பாயும்தான் இருக்கின்றன, அங்கே யார் படுப்பார்கள் என்றேன். "சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

மே 17, வெள்ளி

காலையில் பதநீர். இவர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அலையில் நின்றார். அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாக நண்டு துரத்தினார்.

மே 18, சனி

மத்தியானம் தூங்கி எழுந்தபோது எந்த வீட்டில் இருக்கிறேன் என்று தெரியவில்லை. என் சேலைத் திரை ஆடுகிறது, ஆகவே என் வீடு. ஜன்னலுக்கு வெளியே பனைமரம், ஆகவே என் வீடு இல்லை. எழுந்திருக்க மனசில்லாமல் அந்தக் குழப்பத்திலேயே கொஞ்ச நேரம் சுகமாகக் கிடந்தேன்.

ரெஜினாவின் போன் வந்து அதைக் கெடுத்தது. "அக்கா, உங்க சம்பந்தி ஒரு ஆசாரியக் கூட்டிட்டு வந்திருக்காங்க. உள்ளார டிரில் போடற சத்தம் கேக்குது" என்றாள்.

என் வீட்டில் டிரில் போட இவள் யார்? கேட்காமல் கொள்ளாமல் அடுத்தவர் வீட்டில் கை வைப்பதா? கோபத்தில் குதித்தேன். இவர் நிதானமாக ஓலை விளக்கைக் காட்டினார். அதைக் கண்டுகொள்ளாமல் மேலும் கொஞ்ச நேரம் குதித்தேன்.

எப்சிபா நுங்கு கொண்டுவந்தாள். திரைகளைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "மேக்கால ரூமுக்கும் தச்சிருக்கீயளா மைனி?" என்றாள். அங்கே ஜன்னலைப் பீரோ மறைக்கிறதே என்றேன். "பிரமு ஏன் அத அங்கன போட்டான்னு எங்களுக்கே தெரியல. சிந்து ஆஸ்பத்திரில இருக்கும்போதே நாலு ஆளக் கூப்புட்டுத் தள்ளிப் போட்டா. அதுக்கப்புறம் அந்த ரூமுக்குள்ள வெளக்கே போடமாட்டா" என்றாள்.

நாளைக்கு அந்தப் பீரோவை நகர்த்தப்போகிறேன். ஜன்னலை அடைத்து வைத்தால் வீட்டுக்குக் காற்று எப்படி வரும்?

மே 19, ஞாயிறு

பீரோவின் நாலு காலுக்கும் அடியில் சாக்கு போட்டு இழுத்தோம். எப்சிபா வீட்டுக்காரரும் கை கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. ஜன்னல் வந்தது. வெளிச்சம் வந்தது. பிறகு சுவர் வந்தது.

மஞ்சள். வாழைப்பழத் தோலின் மஞ்சள். இந்த வீட்டில் சுண்ணாம்பு வெள்ளை தவிர வேறு நிறமே இல்லை என்று நினைத்திருந்தேன். தரையிலிருந்து ஆறடி உயரம் வரை அப்படி ஒரு மஞ்சள். அதற்கு மேல் வெள்ளை. பாதிச் சுவர்.

கீழ் ஓரத்தில் வாத்து வரைந்திருக்கிறாள். ஐந்து வாத்து. கடைசி வாத்துக்குக் கால் இல்லை.

கண்ணாலேயே அளவெடுக்கிற தொழில் என்னுடையது. அந்த மஞ்சள் நிற்கிற கோட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நாலே முக்கால் அடிப் பெண் ஒருத்தி நுனிக்காலில் நின்று கையை முழுசாக நீட்டினால் எட்டுகிற இடம் அது. பிரம்மசக்தியின் உயரம். கல்யாணத்தன்று போட்டோவில் அவள் தலை என் தோளுக்குக் கீழே இருப்பதைக் காட்டி எல்லோரிடமும் சிரித்தவள் நான்.

அறையை அவளே தன் கையால் செய்திருக்கிறாள். ஆளை வைக்கவில்லை. பட்டை பட்டையாக, பொறுமையாக, ஒன்றன் மேல் ஒன்று. எட்டும் வரைக்கும்.

அத்தோடு இருந்திருந்தால் நான் பீரோவைத் திருப்பித் தள்ளிவிட்டு வெளியே வந்திருப்பேன்.

அந்தக் கோட்டுக்கு மேலே, வெள்ளையில், இன்னும் கொஞ்சம் மஞ்சள் இருந்தது. ஏழெட்டு இழுப்புதான். அவசரமாக, ஈரம் வழிந்து காய்ந்தது. கீழே உள்ளதெல்லாம் வலது பக்கம் சாய்ந்திருக்கிறது. இவை இடது பக்கம் சாய்ந்திருக்கின்றன. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் தைத்த துணியைக் கலந்து போட்டாலும் இடது கைக்காரியின் ஓரத்தையலை நான் தனியே எடுத்து வைப்பேன். அதுவும் என் வீட்டிலேயே ஒருத்தியை வளர்த்தவள்.

சிந்துவின் கை அது. எட்டாத மேல் பாதியை முடித்துவைக்க ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறாள். ஒட்டடை அடிக்க இல்லை.

கடைசி இழுப்பு பாதியில் கீழே இறங்கி நின்றுவிடுகிறது.

இவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

மே 20, திங்கள்

எதுவும் எழுதப் பிடிக்கவில்லை. கடலுக்கும் போகவில்லை. இவர் தோசை சுட்டார்.

மே 21, செவ்வாய்

எப்சிபாவிடம் நேராகக் கேட்டேன். அன்றைக்கு என்ன நடந்தது?

"எனக்கென்ன தெரியும் மைனி. பிரமு வீட்டுலயே இல்ல அன்னைக்கு. மருமவளுக்கு வேண்டிக்கிட்டு திருச்செந்தூருக்குப் போயிருந்தா. சத்தங்கேட்டு மொதல்ல ஓடுனது நாந்தான். கை பூராம் மஞ்சப் பெயிண்ட்டு. அதத் தொடச்சுவிட்டு ஆட்டோ புடிச்சேன்" என்றாள்.

வீட்டிலேயே இல்லாதவள். வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் நான் கேட்டபோது, நான் வீட்டில் இல்லை என்ற ஒரு வார்த்தை போதுமே. ஏன் சொல்லவில்லை?

சாயந்திரம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது இவர் மெதுவாகச் சொன்னார். "போன் இருக்குது. நம்பரும் இருக்குது." அவ்வளவுதான் சொன்னார். அலை வந்து செருப்பை நனைத்துவிட்டுப் போயிற்று. இருட்டும் வரை உட்கார்ந்திருந்தோம்.

மே 22, புதன்

காலை பத்து மணிக்குக் கூப்பிட்டேன். எட்டு முறை மணி அடித்தது.

"சொல்லுங்க" என்றாள். யார் என்று கேட்கவில்லை. என் நம்பரை அழிக்கவில்லை போலிருக்கிறது.

மன்னிப்பு கேட்கத்தான் கூப்பிட்டேன். வாயில் வந்தது வேறு. "மேக்கால ரூமுக்கு அடிச்சீங்களே, அந்தப் பெயிண்ட் எந்தக் கடையில வாங்கினீங்க?" என்றேன்.

போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"பீரோவ நவுத்திட்டீயளா மதினி?" என்றாள்.

"நவுத்திட்டேன்."

"டப்பா மாடிப்படிக்கு அடியில கெடக்கு. காஞ்சு போயிருக்கும். உடன்குடில அந்த நம்பரக் காட்டுனா கலந்து குடுப்பான்." அவளே தொடர்ந்தாள். "எனக்கு மேல எட்டல மதினி. ஆளு வச்சு அடிச்சிருக்கலாம். எங்கையாலயே செய்யணும்னு ஒரு கிறுக்கு. அதான் வெனையாப் போச்சு."

"நீங்க ஏறச் சொல்லலையே."

"ஏறாதன்னுதான் சொல்லிட்டுப் போனேன்."

"அப்புறம் ஏன் அன்னைக்கு வாயத் தொறக்கல? நாஞ் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு ஏன் நின்னீங்க?" கோபமாகத்தான் கேட்டேன். அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

"அவ சொல்ல வந்தா மதினி. நாந்தான் வேண்டாம்னுட்டேன். ஒட்டடைன்னு மொதல்ல சொன்னதும் நாந்தான். பிள்ளையப் பறிகுடுத்துட்டுக் கெடக்கிறவ வாயால, நாந்தான் ஏறுனேன்னு சொல்ல வைக்கச் சொல்லுதீயளா? அதுவும் பெத்த தாய்ட்ட? அது சாவுற வரைக்கும் அவ மனசுல கெடந்து அறுக்கும். உங்க கோவம் எம்மேல இருந்துட்டுப் போட்டும். நான் தாங்குவேன். அவ தாங்கமாட்டா."

இவர் எதிரில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

"தப்புப் பண்ணிட்டேனுங்க" என்றேன். "பத்துப் பேரு முன்னாடி உங்களை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கங்க."

"விடுங்க மதினி. எம்பிள்ளைக்கு ஆயிருந்தா நான் அதுக்கு மேல கேட்டிருப்பேன்."

இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சினோம். பிறகு அவள், "மேல் பாதிய ஆளு விட்டு அடிக்கவா?" என்றாள்.

"எதுக்கு? எனக்கு எட்டும்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். கல்யாண போட்டோ அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்கும்.

வைப்பதற்கு முன் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மதினி, அவ உங்கட்ட எதுவும் சொன்னாளா?"

"இல்லீங்க. உங்ககிட்ட?"

"எங்கட்டயும் சொல்லல. ஆனா மாங்கா வத்தல் கேட்டா."

"என்கிட்ட எலுமிச்சை ஊறுகாய்."

அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை. பேசக்கூடாது. பேசாமல் இருப்பதும் ஒரு சந்தோஷமாக இருந்தது.

மே 23, வியாழன்

உடன்குடியில் பெயிண்ட். கடைக்காரர் எவ்வளவு கலந்தும் அதே மஞ்சள் வரவில்லை. ஒரு சாயல் அழுத்தமாகவே நிற்கிறது. போதும் என்று வாங்கி வந்துவிட்டேன்.

மே 24, வெள்ளி

ஸ்டூலில் நான். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு இவர். "கெட்டியாப் புடிங்க." "புடிச்சுட்டுத்தான் இருக்கறேன்." "எங்கே பாக்கறீங்க?" "உன்னையத்தான்." முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு இந்தப் பேச்சு.

மேலிருந்து கீழே அடித்துக்கொண்டு வந்தேன். பிரம்மசக்தியின் கோட்டுக்கு வந்ததும் சேர்த்துவிட்டேன். சிந்துவின் ஏழெட்டு இழுப்பை மட்டும் தொடவில்லை. சுற்றிலும் அடித்துவிட்டு அதை அப்படியே விட்டேன். உற்றுப் பார்த்தால் தெரியும், ஒரே சுவரில் மூன்று மஞ்சள். கீழே ஒன்று, மேலே ஒன்று, நடுவில் இடது பக்கம் சாய்ந்தது ஒன்று.

முன்கூட்டி எதையும் செய்யக்கூடாது என்று இத்தனை நாள் பயந்து கிடந்தேன். கொக்கி மாட்டியதால்தான் ஆயிற்று என்று இவரைக்கூட ஒருநாள் திட்டியிருக்கிறேன். இன்றைக்கு நானே முன்கூட்டிச் சுவர் அடித்துவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அடித்துவிட்டேன்.

மே 25, சனி

வாத்துக்குக் கால் வரைந்தேன். இரண்டு.

மத்தியானம் அந்த அறையிலேயே பாய் விரித்துத் தூங்கினோம். ஜன்னல் திறந்திருந்தது. மேற்கு வெயில் மஞ்சள் சுவரில் பட்டு அறை முழுக்க நிறைந்து நின்றது. கனவில் எங்கள் குன்னூர் வீடு கடற்கரையில் இருந்தது. வாசலில் மூடுபனி. பிரம்மசக்தி முறத்தில் தேயிலைக் கொழுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு சின்னக் குழந்தை ஈரக் காலோடு கூடத்தில் ஓடியது, தரையெல்லாம் குட்டிக் குட்டிக் கால்தடம். துடைக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

மே 26, ஞாயிறு

கிளம்புகிறோம். அந்தத் தூக்கைத் தேய்த்துக் கவிழ்த்தேன். பிறகு நிமிர்த்தினேன். குன்னூரிலிருந்து கொண்டுவந்த தேயிலைப் பொட்டலம் இரண்டு, எப்சிபா வீட்டு எலுமிச்சையில் நானே போட்ட ஊறுகாய், எல்லாவற்றையும் அடுக்கி மூடினேன். மீதி நாலு சேலையில் ஒன்றை மடித்து மேலே வைத்தேன். அவள் உயரத்துக்கு முக்கால்வாசி கொசுவத்தில்தான் போகும். போகட்டும்.

மே 28, செவ்வாய். குன்னூர்

நேற்று மழையில் வந்து சேர்ந்தோம். அவர்கள் அதற்கு முந்தின ரயிலில் போய்விட்டார்கள். முகம் பார்க்கவேயில்லை. இந்தமுறை அது வருத்தமாக இருந்தது.

கதவைத் திறந்தால் வீடு மொத்தமும் சுக்குக் காப்பி வாசனை. சமையலறையில் என் டப்பாக்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. என் தாளுக்குக் கீழே அவள் தாள் ஒன்று ஒட்டியிருந்தது, குண்டு குண்டான எழுத்தில்.

'கீசர் பத்து நிமிடம்தான் போட்டோம். மீன் வறுக்கவில்லை. கொக்கி நூறு கிலோ தாங்கும், ஆசாரி தொங்கிப் பார்த்தார்.'

கூடத்துக்கு ஓடினேன். உத்தரத்தில் துரு இருந்த இடத்தில் புதுக் கொக்கி. கனமானது. பக்கத்தில் மரத்தூள்கூட இல்லாமல் துடைத்திருக்கிறாள்.

ரெஜினா டிரில் சத்தம் கேட்டது பதினெட்டாம் தேதி. பீரோவை நான் நகர்த்தியது பத்தொன்பது. அவளைக் கூப்பிட்டது இருபத்திரண்டு. அப்படியானால் நான் ஒரு வார்த்தை பேசாதபோது, நான் திட்டியது திட்டியபடி இருந்தபோது, இந்தத் துருவை அண்ணாந்து பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு ஆசாரியைத் தேடிப் போயிருக்கிறாள்.

கூடத்தில் நின்று வாய்விட்டு அழுதேன். இவர் துண்டைக் கொடுத்தார்.

மே 30, வியாழன்

காலையில் சிந்து.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு கண்ணு."

"உனக்குத் தெரியும்னு அத்தை சொன்னாங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நீயே சொல்லு."

சொன்னாள். நேற்றுதான் ஸ்கேன் எடுத்தார்களாம். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். அதற்காகத்தான் காத்திருந்தாளாம்.

"அம்மா, அந்தச் சுவரைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"மேல நான் அடிச்சது?"

"அப்படியே இருக்குது. நான் தொடலை. இங்க பாரு சிந்து, நீ ஏறினதுனால இல்ல. விழுந்ததுனாலயும் இல்ல. அன்னைக்கே டாக்டரம்மா சொன்னாங்க. நாந்தான் நம்பல. இப்ப நம்பறேன். நீயும் நம்பு."

ரொம்ப நேரம் அழுதாள். அழவிட்டேன். நான் பேசி யாரையும் அழவிடாமல் செய்தது போதும்.

சனிக்கிழமை குலசேகரன்பட்டினம் போகிறார்களாம். முதலில் அந்த அறையைப் பார்க்கவேண்டுமாம். பழைய கோகிலாமணியாக இருந்தால், பெற்றவள் வீடு முதலில் வரவில்லையா என்று கேட்டிருப்பேன். "போய்ட்டு வா. வர்றப்ப அத்தையையும் இங்க கூட்டிட்டு வா. இந்தத் தடவை மீன் வறுக்கலாம்னு சொல்லு" என்றேன்.

சாயந்திரம் மூடுபனி இறங்கி ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லாமல் போயிற்று. எங்கே நம் வீடு நிற்கிறது என்று யாராவது கேட்டால் மலை என்றும் சொல்லலாம், கடல் என்றும் சொல்லலாம். திரும்பிப் பார்த்தால் இவர் என் பழைய நூல் சேலையைக் கொக்கியில் கட்டிக்கொண்டிருக்கிறார். "வெறுந்தொட்டிலை ஆட்டக் கூடாதுங்க!" என்று ஓடினேன். "வெறுந்தொட்டிலையா ஆட்டுவேன்?" என்றார். உள்ளே அம்மிக் குழவி, தேங்காய்ப்பூத் துண்டு சுற்றி, சமர்த்தாகப் படுத்திருந்தது.

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். தொட்டில் ஆடுவதைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆட்டிக்கொண்டிருந்தவர் தூங்கிப்போனார். நான் வாங்கி ஆட்டினேன்.

சிந்துவுக்கு ஐந்தாம் மாதம். எழுதிவிட்டேன்.